பூட்டிக் கிடக்கும் வீடு: வெள்ளையடித்து விடுவதா, பழுது பார்த்து விடுவதா, புதுசாக்கி விடுவதா?

குரோம்பேட்டையிலோ அயனாவரத்திலோ பெற்றோர் கட்டிய வீடு நாலைந்து வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. கைப்பிடிச் சுவர் இடுக்கில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. மோட்டார் இறுகிவிட்டது. படுக்கையறைச் சுவரில் மூன்றடி உயரத்துக்கு உப்பு பூத்திருக்கிறது. வாடகைக்கு விடலாம் என்று கிளம்பினால் பெயிண்டர் ஒரு கணக்கு சொல்கிறார், மேஸ்திரி இன்னொன்று சொல்கிறார், சொந்தக்காரர்கள் “இடிச்சிட்டு பில்டருக்குக் கொடுத்துடு” என்கிறார்கள். வாசகர்கள் பலர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டு கேட்கிறார்கள்.

பில்டரிடம் கொடுப்பது வேறு கதை. அதை இங்கே தொடவில்லை. வீட்டை வைத்துக்கொண்டே வாடகைக்கு விட நாலு வழி இருக்கிறது. வெள்ளையடித்து உள்ளது உள்ளபடி விடலாம். மாடி, குழாய், வயரிங் ஆகிய அடிப்படைகளை மட்டும் சரிசெய்து விடலாம். தரை, சமையலறை, ஜன்னல் வரை முழுக்க மாற்றி விடலாம். கையில் பணம் இல்லாதவர்கள் லீஸ் பணம் வாங்கி, அதை வைத்தே வேலை பார்க்கலாம்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் கேள்வி மேல்தளம். ஸ்டூலில் ஏறி, சிறு சுத்தியலால் ஒவ்வொரு அறையின் சீலிங்கையும் அடிக்கு ஓர் இடமாகத் தட்டிக்கொண்டே போங்கள். திடமாகச் சத்தம் வந்தால் நல்லது. பொள்ளென்று கேட்டால் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, காங்கிரீட்டைத் தள்ளிக்கொண்டிருக்கலாம். தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலும், கழிவறைக்குக் கீழும், சன்ஷேடிலும் முதலில் தட்டுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர், சாந்தோம் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றால் இது சீக்கிரமே ஆரம்பிக்கும். அங்கங்கே ஓரிரு சதுர அடி என்றால் ஒட்டுவேலையில் தீரும். ஓர் அறை முழுக்கப் பொள்ளல் என்றால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்துச் சொல்லும்வரை பெயிண்டுக்கு ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள்.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, ஜார்ஜ் டவுன் பக்கம் இருக்கும் பழைய வீடு என்றால் மேலே காங்கிரீட்டே இருக்காது. தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய மெட்ராஸ் டெரஸாக இருக்கும். அதன்மேல் “ஸ்ட்ராங்காக இருக்கட்டும்” என்று சிமென்ட் காங்கிரீட் போடுவதைப் போன்ற கெடுதல் வேறில்லை. பாரமும் கூடும், ஈரமும் உள்ளேயே அடைபட்டு உத்திரம் இற்றுப்போகும்.

இரண்டாவது, வீட்டுத் தரை சாலையைவிட மேலே இருக்கிறதா, கீழேயா என்பது. சென்னையில் சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டுப் பல வீடுகள் பள்ளத்தில் இறங்கிவிட்டன. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த பிறகு, வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் வீடு பார்க்க வருபவர் கேட்கும் முதல் கேள்வி “தண்ணி உள்ள வருமா?” என்பதுதான். இதற்கு எந்தப் பெயிண்டும் பதிலாகாது.

அடுத்து, எத்தனை வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள், யார் குடிவருவார்கள், வேலையை நேரில் நின்று பார்க்க ஆள் இருக்கிறதா என்பவை. கடைசியாக எல்லோரும் மறப்பது காலி மாதம். வீடு பூட்டியிருக்கும் ஒவ்வொரு மாதமும் ஒரு மாத வாடகை செலவு என்றே எழுதிவையுங்கள்.

## வழி 1: வெள்ளையடித்து விடுவது

சுத்தம் செய்து, சம்ப்பையும் மேல்தொட்டியையும் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, குழாய் வாஷர்களை மாற்றி, பிரைமர் ஒரு கோட், எமல்ஷன் இரண்டு கோட். இரண்டு வாரத்தில் முடியும்.

நிஜமாகவே சின்னதாகத் தீரும் விஷயங்களும் உண்டு. பூட்டிய வீட்டில் சாக்கடை நாற்றம் அடித்தால் பாதி நேரம் குளியலறை ட்ராப்பில் (கழிவுத் துளைக்கு அடியில் தண்ணீர் நின்று நாற்றத்தைத் தடுக்கும் வளைவு) தண்ணீர் வற்றிப்போனதுதான் காரணம். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் போய்விடும். மோட்டார் இறுகியிருந்தால் புதுசு வாங்குமுன், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பின்பக்க ஃபேன் கவரைக் கழற்றிக் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பல மோட்டார்கள் அதிலேயே இளகிவிடும்.

கெடுவது சுவரில்தான். உப்பு பூத்த சுவரைத் தேய்த்துவிட்டு அதன்மேல் புட்டி வைத்தால் பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும். நிலத்து ஈரம் செங்கல் வழியே ஏறி வருகிறது. உப்பு மேற்பரப்பில் படிந்து புட்டியைத் தள்ளும். ஒரு ஐப்பசி மழை போதும், சுவர் அப்பளம்போலப் பொரிந்து உதிரும். குடியிருப்பவர் அந்தச் சுவரைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார், அடுத்த மாதம் வேறு வீடு பார்ப்பார்.

இன்னொரு மறைசெலவு சட்டத்தில் இருக்கிறது. 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ள தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில் யார் எதைப் பழுது பார்க்க வேண்டும் என்ற பட்டியல் உண்டு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, சாக்கடை அடைப்பு ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. கட்டடப் பழுது, வயரிங், பைப் மாற்றுவது எல்லாம் உரிமையாளர் தலையில். அதாவது இன்று தள்ளிப்போடும் வேலையை, ஆள் குடியிருக்கும்போது, கட்டிலையும் பீரோவையும் நகர்த்தி நகர்த்தி நீங்களே செய்துகொடுக்க வேண்டிவரும். கூலியும் கூடும், மனக்கசப்பும் கூடும்.

இந்த வழி சரியாவது, ஓரிரு வருடத்தில் விற்பதோ இடிப்பதோ உறுதி என்றால். அல்லது தளம், குழாய், வயரிங் மூன்றும் சோதித்து நன்றாக இருந்து, அழுக்கு மட்டுமே குறை என்றால். கிடங்குக்கோ கடைக்கோ விட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள், மின் கட்டணமும் சொத்து வரியும் வணிக விகிதத்துக்கு மாறும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

## வழி 2: அடிப்படையை மட்டும் சரிசெய்வது

கண்ணுக்குத் தெரியாத இடங்களில் பணம் போவது இந்த வழியில். பெரும்பாலான வீடுகளுக்கு நாங்கள் சொல்வதும் இதைத்தான். வரிசை முக்கியம்: மாடி, கம்பி, குழாய், வயரிங், பூச்சு, கரையான் மருந்து, கடைசியில் பெயிண்ட். வரிசை மாறினால் செய்ததையே உடைக்க வேண்டிவரும்.

மாடி. தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த வெதரிங் கோர்ஸ், அதற்குமேல் தட்டோடு. இதுதான் சென்னையின் வழக்கமான மொட்டை மாடி. ஒழுகுகிறது என்றவுடன் மேலே இன்னொரு அடுக்கு போடச் சொல்வார்கள். நாலு அங்குல ஜல்லி அடுக்கு சதுர அடிக்கு 15 கிலோவைத் தாண்டும்; 900 சதுர அடி மாடிக்கு 13 டன்னுக்கு மேல். ஏற்கெனவே கம்பி துருப்பிடித்த தளத்தின் தலையில் அதை ஏற்றக் கூடாது. முதலில் ஒழுகும் இடத்துக்கு நேர்மேலே ஒரு தட்டோட்டைப் பெயர்த்துப் பாருங்கள். கீழே ஜல்லி காய்ந்திருந்தால் ஓட்டு இடுக்குகளைச் சுரண்டி, ஒரு பங்கு சிமென்ட்டுக்கு மூன்று பங்கு மணல், கூடவே வாட்டர்புரூஃப் கலவை சேர்த்து அடைத்தால் போதும். ஜல்லி ஈரமாக, விரலில் நசுங்கினால் மொத்தத்தையும் அள்ளி எறிந்துவிட்டுத் தளத்தைச் சரிசெய்து புதிதாகப் போட வேண்டும். வாட்டம் பத்தடிக்கு இரண்டு அங்குலம் இருக்கட்டும். பல மாடிகளில் ஒழுகலுக்குக் காரணம் ஓடே இல்லை. மழைநீர்க் குழாயின் வாயில் அடைந்த இலையும், கைப்பிடிச் சுவர் சேரும் மூலையில் விட்ட விரிசலும்தான். அந்த அரசங்கன்றை வெட்டினால் மறுபடி துளிர்க்கும், சுவரைக் கொஞ்சம் உடைத்தாவது வேரோடு எடுக்க வேண்டும். வெள்ளை நிற வாட்டர்புரூஃப் பெயிண்ட் நல்லதுதான், ஆனால் காய்ந்த மாடியில் அடித்தால் மட்டும். ஈரத்தின் மேல் அடித்தது முதல் வெயிலிலேயே கொப்பளிக்கும்.

கம்பி. பெயர்ந்த இடத்தில் மேலாகச் சிமென்ட் அப்பிவிடுவது மேஸ்திரிகளின் சுருக்கு வழி. ஆறு மாதத்தில் அந்த ஒட்டு அப்படியே கீழே விழும், யார் தலையிலாவது. துருப்பிடிக்காத கம்பி தெரியும்வரை இரண்டு பக்கமும் கொத்தி, கம்பியின் பின்புறமும் வெளியே வருமளவு குடைந்து, வயர் பிரஷ்ஷால் தேய்த்து, துருத்தடுப்பு பிரைமர், பிறகு பாண்டிங் ஏஜென்ட், பிறகு பாலிமர் சேர்த்த கலவை. கம்பி கால்வாசிக்கு மேல் கரைந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும்.

குழாய். இரவில் மேல்தொட்டியை நிரப்பி, எல்லாக் குழாயையும் மூடி, தண்ணீர் மட்டத்தில் கோடு போட்டுவிட்டு வாருங்கள். காலையில் இறங்கியிருந்தால் சுவருக்குள் ஒழுகுகிறது. பழைய ஜி.ஐ. இரும்புப் பைப்பில் ஒரு துண்டை மாற்றினால் அடுத்த துண்டு ஓட்டையாகும், மொத்தமாக சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப்புக்கு மாறிவிடுவதே மலிவு. குளியலறைக்கு, தண்ணீர் போகும் துளையைத் துணியால் அடைத்து ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்தி 48 மணி நேரம் விட்டு, கீழ்வீட்டு சீலிங்கையும் வெளிச்சுவரையும் பாருங்கள். லேசாகக் கசிந்தால் டைல்ஸ் இடுக்கில் எபாக்சி அடைத்துப் பார்க்கலாம். நின்றால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் உடைத்துத்தான் ஆக வேண்டும்.

வயரிங். ஒரு சுவிட்ச் போர்டைக் கழற்றிப் பாருங்கள். பிளக்கில் மூன்று துளை இருக்கும்; மேலே இருக்கும் பெரிய துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. எர்த் இல்லாத இந்த வீட்டில்தான் அடுத்து வருபவர் வாஷிங் மெஷின் வைப்பார். விளக்கு, ஃபேனுக்கு 1.5 சதுர மி.மீ., 16 ஆம்ப் பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கு 4 சதுர மி.மீ. செம்பு வயர். ஏ.சி. நீங்கள் வாங்கித்தர வேண்டாம். லைன் மட்டும் ஒவ்வொரு படுக்கையறைக்கும் தனி எம்.சி.பி.யோடு (லோடு கூடினால் தானே விழும் சுவிட்ச்) இழுத்துவையுங்கள், வாடகைப் பேச்சில் அதற்கு மதிப்பு உண்டு. மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. கட்டாயம். ஈரச் சுவர் உள்ள வீட்டில் அது அடிக்கடி விழும், உடனே எலக்ட்ரீஷியன் “சார், இது தொல்லை” என்று அதைச் சுற்றி நேராக லைன் கொடுத்துவிட்டுப் போவார். விடாதீர்கள். அது விழுவதே, கசிவு இருக்கிறது என்று சொல்வதற்குத்தான். தரைத்தளமாக இருந்தால் பிளக் பாயின்ட்டையும் மோட்டார் ஸ்டார்ட்டரையும் கடந்த வெள்ளக் கோட்டுக்கு மேலே ஏற்றுங்கள்.

சுவரும் கரையானும். உப்பு பூத்த இடத்தில் பூச்சைச் செங்கல்வரை கொத்தி, இரண்டு மூன்று வாரம் காயவிட்டு, வாட்டர்புரூஃப் கலவை சேர்த்துப் பூசுங்கள். அது குணமாகாது, ஆனால் வருடங்கள் தள்ளிப்போகும். புதுப் பூச்சுக்கு ஒரு வாரம் தண்ணீர், பிறகு மூன்று நாலு வாரம் காயவிட வேண்டும். பத்தாம் நாளே புட்டியோடு வந்து நிற்கும் பெயிண்டரைத் திருப்பி அனுப்புங்கள். கரையானுக்குத் தரையும் சுவரும் சேரும் இடத்தில் அடிக்கு ஒரு துளை, 12 மி.மீ. டிரில், அதில் லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி இமிடாகுளோப்ரிட் 30.5 எஸ்.சி. என்ற மருந்து கலந்து விட வேண்டும்; பெயிண்ட்டுக்கு முன்னால்.

இரண்டரை முதல் மூன்றரை மாதம் பிடிக்கும். மறைசெலவு: இடிபாடு. சென்னையில் ‘ரப்பிஷ்’ என்று சொல்லப்படும் இந்தக் கழிவைத் தெருமுனையில் கொட்டினால் மாநகராட்சி அபராதம் உண்டு. ஏற்றிச்செல்லும் செலவையும் மேஸ்திரியின் கணக்கிலேயே எழுதி வாங்குங்கள். எதுவும் அழகாக மாறியிருக்காது என்பது இதன் குறை. மொசைக் தரை மொசைக் தரையாகவே இருக்கும். மொசைக்கை பாலிஷ் போட்டுவிட்டால் பல குடும்பங்கள் அதைக் குறையாகவே நினைப்பதில்லை.

## வழி 3: முழுக்கப் புதுசாக்குவது

மேலே சொன்ன எல்லாம், கூடவே டைல்ஸ், மாடுலர் கிச்சன், யு.பி.வி.சி. ஜன்னல், வெஸ்டர்ன் கழிவறை, ஃபால்ஸ் சீலிங். ஐந்தாறு மாதம். பூச்சு, தரை மாற்றம் போன்ற பழுதுகளுக்குத் திட்ட அனுமதி வேண்டியதில்லை. அறை சேர்ப்பதற்கும் மாடி எழுப்புவதற்கும் வேண்டும்.

பழைய தரையின் மேலேயே டைல்ஸ் ஒட்டினால் தரை அரை அங்குலத்துக்கு மேல் உயரும், எல்லாக் கதவையும் அடியில் இழைக்க வேண்டும். பலகையில் செய்த மாடுலர் கிச்சன் வாடகை வீட்டில் மூன்று வருடம் தாங்குவது அபூர்வம். சிங்க்குக்கு அடியில் சொட்டும் தண்ணீரில் ஊறி உப்பிவிடும். கடப்பாக் கல் அலமாரியும் அலுமினியக் கதவும் போட்டால் செலவும் குறைவு, கரையானும் தொடாது. ஃபால்ஸ் சீலிங் வேண்டவே வேண்டாம். மேலே ஒழுகினால் அது மூடி மறைக்கும், தெரியவரும்போது தளம் போயிருக்கும்.

இந்த வழி சரியாகும் இடங்கள்: ஐந்தாறு வருடத்தில் நீங்களே திரும்பி வந்து குடியிருக்கப் போகிறீர்கள், அக்கம்பக்கத்தில் புது அடுக்குமாடிகள் வந்து அதே வாடகைக்குப் போட்டி போடுகின்றன, அல்லது சாலையைவிடத் தரை இறங்கிவிட்டதால் எப்படியும் எல்லாவற்றையும் உயர்த்தியாக வேண்டும். பத்தடிச் சுவரில் தரையை ஒன்றரை அடி உயர்த்தினால் நிலை, கதவு, ஜன்னல், கழிவுக் குழாய் எல்லாம் மாறும். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குவதும் சென்னையில் நடக்கிறது. கம்பி கெட்ட வீட்டுக்கு அது ஆகாது.

## வழி 4: லீஸ் பணத்தில் வேலை பார்ப்பது

மாத வாடகை இல்லாமல், சில லட்சங்களை மொத்தமாக வாங்கிக்கொண்டு இரண்டு மூன்று வருடத்துக்கு விடுவது. பணம் முன்னால் வருகிறது, வேலை நடக்கிறது. சிக்கல் கடைசி நாளில்: வாங்கிய பணம் சுவரிலும் பைப்பிலும் இருக்கிறது, திருப்பிக் கொடுக்கக் கையில் இல்லை. பெரும்பாலும் அடுத்த லீஸ்காரரிடம் வாங்கி முந்தையவருக்குக் கொடுப்பார்கள். நடுவில் இரண்டு மாதம் ஆள் கிடைக்காவிட்டால் குடியிருப்பவர் வீட்டைக் காலி செய்ய மாட்டார், கேட்கவும் முடியாது. வாடகையே வரவில்லையே என்று வருமான வரிக் கணக்கில் விட்டுவிடவும் முடியாது, அந்த வீடு நியாயமாக ஈட்டக்கூடிய வாடகையை வைத்து வரி கணக்கிட இடம் உண்டு. இரண்டு மூன்று வருடத்தில் வேறு இடத்திலிருந்து பணம் வருவது நிச்சயம் என்றால் மட்டும் இது. மற்றவர்களுக்கு வங்கிக் கடன் மேல். பழுது பார்க்க வாங்கிய கடனின் வட்டியை வாடகை வருமானத்தில் கழிக்கலாம். பழுதுச் செலவுக்கான பில்களைக் காட்டித் தனியாகக் கழிக்க முடியாது, அதற்காகவே 30 சதவீதம் பொதுக் கழிவு தரப்படுகிறது.

## கணக்குப் போட்டால்

கீழே உள்ளவை 900 சதுர அடி, இரண்டு படுக்கையறைத் தனி வீடு ஒன்றுக்குக் கணக்குக்காக வைத்துக்கொண்ட எண்கள். உங்கள் தெருவின் எண்களை இதே கட்டங்களில் போட்டுப் பாருங்கள்.

| | வெள்ளையடிப்பு | அடிப்படை | முழுப் புதுசு |
|---|---|---|---|
| செலவு | ₹80,000 | ₹4,00,000 | ₹10,00,000 |
| வேலை நடக்கும் காலம் | அரை மாதம் | 3 மாதம் | 6 மாதம் |
| மாத வாடகை | ₹12,000 | ₹17,000 | ₹20,500 |
| வருடத்தில் காலி | 1 மாதம் | அபூர்வம் | அபூர்வம் |
| வருடப் பழுது | ₹20,000 | ₹9,000 | ₹9,000 |
| வருடத்தில் கையில் | ₹1,12,000 | ₹1,95,000 | ₹2,37,000 |

வாடகையை மட்டும் பார்த்தால், வெள்ளையடிப்பைவிட அடிப்படை வேலைக்குக் கூடுதலாகப் போகும் 3,20,000 ரூபாய், மாதம் 5,000 என்ற வித்தியாசத்தில் 64 மாதத்தில் திரும்பும். காலி மாதத்தையும் பழுதையும் சேர்த்தால் வருட வித்தியாசம் 83,000. வேலைக்குக் கூடுதலாகப் போகும் இரண்டரை மாத வாடகை 30,000 இழப்பையும் சேர்த்தால் நாலு வருடத்துக்குச் சற்று மேல் ஆகும். அடிப்படையிலிருந்து முழுப் புதுசுக்குத் தாவ 6,00,000 கூடுதல், அதோடு மூன்று மாத வாடகை 51,000 இழப்பு. வருடத்துக்கு 42,000 மட்டுமே கூடுகிறது. பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகும், அதற்குள் அந்த டைல்ஸே பழசாகிவிடும்.

## எப்போது தொடங்குவது

ஆடியிலும் மார்கழியிலும் சென்னையில் வீடு மாறுபவர்கள் குறைவு. பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் பள்ளி திறக்குமுன், மே மாதத்தில் மாறும். ஆக, பொங்கலுக்கு ஊருக்குப் போன கொத்தனாரும் சித்தாளும் திரும்பியதும் தொடங்கினால், மாடி வேலைக்கு வெயில் கிடைக்கும், மே மாதம் வீடு தயாராக இருக்கும். ஆனியில் தொடங்கினால் ஆடி போகட்டும் என்று ஆவணிக்கு முடிப்பதுபோல் திட்டமிடுங்கள். புரட்டாசிக்குப் பிறகு மாடியில் கை வைக்காதீர்கள்.

வேலை நடக்கும்போதே காகிதத்தையும் பாருங்கள். சொத்து வரி, குடிநீர் வாரிய வரி, மின் கட்டணம் பாக்கி. இணைப்பு துண்டித்து நாளாகியிருந்தால் மீட்டரையே கழற்றியிருக்கலாம், அதற்குத் தனியாக நாள் பிடிக்கும். ஸ்டாம்ப் பேப்பரில் பதினோரு மாதம் என்று எழுதிக்கொள்வது பழைய பழக்கம். இப்போது எந்தக் கால அளவானாலும் எழுத்து ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகார அமைப்பிடம் 90 நாளுக்குள் பதிய வேண்டும். அட்வான்ஸ், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது.

மேஸ்திரியிடம் பேசும்போது மாடி வேலைக்கான தொகையில் பத்தில் ஒரு பங்கை ஐப்பசி மழை ஒன்று பெய்து முடியும்வரை நிறுத்திவைப்பதாக முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள். ஒத்துக்கொள்ளாதவர் என்றால், அடுத்த மேஸ்திரியைக் கூப்பிடுங்கள்.